இருமல் இல்லாத கைதட்டல்

பேய், ஆவி, கண்ணூறு, செய்வினை என்று எதிலும் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்ட நாலைந்து பேரும் முடிவில் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நித்திரை ஒழுங்காக வருகிறதா என்றுதான் கேட்டார்கள். நித்திரை நன்றாக வருகிறது. நான் பயந்த ஆள் இல்லை, சந்தேகக்கார ஆள், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. டெய்ரியில், அதுதான் தெருமுனைக் கடையில், பால் வாங்கினால் முன்னுக்கு நிற்கிற போத்தலின் திகதியைப் பார்த்து, பின்னுக்கு நிற்கிற போத்தலின் திகதியையும் பார்த்துத்தான் எடுப்பேன். யாராவது என்னைப் புகழ்ந்தால், இவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசனை போகும். அப்படிப்பட்ட என்னிடம்தான் இது வந்து மாட்டியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போதே நீங்கள் நடுச்சாமம், மழை, கரண்ட் போனது என்று மனதில் போட்டு வைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. சனிக்கிழமை பின்நேரம் மூன்றரை மணி, வெளியே நல்ல வெயில், வாசலில் பிள்ளைகள் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

என் பெயர் நேசன். மனுரேவாவில் நானும் மனைவி சுமதியும் இருக்கிறோம். கிழமை நாட்களில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், சனி ஞாயிறில் தமிழ் ஆக்களின் விழாக்களுக்குச் சவுண்ட் போடுகிறேன். ஸ்பீக்கர், மைக், மிக்ஸர் எல்லாம் சொந்தமாக இருக்கின்றன, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். ஆக்லாந்தில் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் எதுவானாலும் ஒன்று நான், இல்லாவிட்டால் குகன். குகனுக்கும் எனக்கும் நேருக்கு நேர் சண்டை ஒன்றும் இல்லை, கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான்.

எங்கள் கலைவிழா எப்படி நடக்கும் என்று தெரியாவிட்டால் மீதிக்கதை விளங்காது. நடனம், பாட்டு, பேச்சு, கீபோர்ட், நாடகம் என்று முப்பது நிகழ்ச்சிகள் இருக்கும். சனம் முப்பதையும் பார்க்க வருவதில்லை, தங்கள் பிள்ளை வருகிற ஒன்றைப் பார்க்கத்தான் வரும். பிள்ளை மேடைக்கு வந்ததும் ஃபோனைத் தூக்கிப் பிடிப்பார்கள், பிள்ளை இறங்கியதும் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ரோல்ஸும் பிளேன்ரீயும் தேடி வெளியே போய்விடுவார்கள். பெரியவர்களின் நிகழ்ச்சி வருகிற நேரம் கதிரைகள்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நம்பினால் நம்புங்கள், பதினைந்து நிமிடம் உயிரைக் கொடுத்துப் பாடிய ஒரு மனிசனுக்கு மூன்று பேர் கைதட்டியதை நான் கண்டிருக்கிறேன், அதில் ஒருவர் தபேலாக்காரர்.

வீடியோவில் பார்த்தால் செத்தவீடு மாதிரி இருக்கிறது, ஏதாவது செய்யும் நேசன் என்று விழாக்குழுவினர் கேட்டார்கள். செய்தேன். இருநூறு பேர் கைதட்டுகிற பன்னிரண்டு விநாடி ஒலியை லப்டொப்பில் ஏற்றி வைத்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிய ஒரு பட்டன், மண்டபம் அதிரும். வாடிக்கையாக வருகிற ஆக்களுக்கு விஷயம் தெரியும், குகனும் அதைத்தான் செய்தான். மேடையில் நிற்கிறவர் மட்டும் இது உண்மையா என்று கேட்கமாட்டார். தனக்கு விழுந்த கைதட்டலைச் சந்தேகப்பட என்னைப்போல ஒரு ஆள் வேண்டும், அப்படி ஆக்கள் மேடை ஏறுவதில்லை.

சுமதி ஏறினாள். அவள் வயதானவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் குளிப்பாட்டி, தூக்கி, இருத்தி, முதுகு நொந்து வருவாள். வந்து தேத்தண்ணி குடித்தபடி அன்று கண்ட ஆக்களை எல்லாம் செய்து காட்டுவாள், டொக்டர், தாதி, பார்க்க வருகிற பிள்ளைகள், எல்லாரும் எங்கள் குசினிக்குள் வந்துவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முதல் அதையே ஒரு தனிநடிப்பாக எழுதி, பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நடந்த விழாவில் செய்தாள். கீழே இருந்தது இருபது பேர். எனக்கு மனம் கேட்கவில்லை, பட்டனை அமத்தினேன். அவள் இரண்டு கிழமை பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு வீடியோ வந்தது. முழுவதையும் இருந்து பார்த்துவிட்டுக் குசினிக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஆர் இந்த இருமுற ஆள்?"

"எந்த ஆள்?"

"சின்னப்பிள்ளையளின்ர டான்ஸுக்கும் இருமுறார். தலைவரின்ர பேச்சுக்கும் இருமுறார். எனக்கும் இருமுறார். கைதட்டத் தொடங்கி நாலு எண்ண முதல் இருமுறார்."

அந்த ஒலிக்குள் யாரோ ஒருவன் இருமியிருக்கிறான். இத்தனை தரம் போட்ட எனக்கு அது காதில் விழவே இல்லை. ஆருக்கோ தடிமன் பிடித்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை.

"அப்ப எனக்கு ஒருத்தரும் கைதட்டேல்லை, என்ன?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எவ்வளவோ நல்லது. போய் உடுப்பு மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

போன வருஷம் விழாவுக்குப் பெயர் கொடுத்தபோது எனக்கு முன்னால் வந்து இருந்து சொன்னாள். "எனக்கு இது வருமோ வராதோ எண்டு எனக்குத் தெரியவேணும். வராட்டி இதோட விட்டிடுவன், கவலைப்படவும் மாட்டன். ஆனா நீங்கள் அந்தப் பட்டனைத் தொட்டா, அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுற ஒண்டையும் நான் நம்பமாட்டன்."

சத்தியம் பண்ணினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஒலியை லப்டொப்பிலிருந்து அழித்தேன். அந்த வருஷம் யாருக்குமே போடுவதில்லை என்று விழாக்குழுவிடமும் சொல்லிவிட்டேன், அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்த முறை பள்ளிக்கூட மண்டபம் கிடைக்கவில்லை. மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் செங்கல் முகப்போடு ஒரு பழைய தியேட்டர், அதைத்தான் எடுத்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களின் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமில்லை. மேடைக்கு நேரே மண்டபத்தின் பின்பக்கம் மேலே ஒரு பல்கனி, அதற்குக் கீழேதான் என்னுடைய மிக்ஸருக்கு இடம் தந்தார்கள். காலையில் சாமான் இறக்கும்போது, வீடியோவுக்காகச் சனத்தின் சத்தம் பிடிக்கிற மைக் ஒன்றைப் பல்கனியில் கட்டவேண்டும், மேலே போகலாமா என்று லொறேனிடம் கேட்டேன். லொறேன் அந்தத் தியேட்டரைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்கார அம்மா, அறுபதைத் தாண்டியவர், கழுத்தில் ஒரு கட்டுத் திறப்பு, அங்குள்ள பூட்டுக்கெல்லாம்.

போகமுடியாது என்றார். ஏன் என்று நான் விடாமல் கேட்க, படியேறிப் போய்ச் சங்கிலிப் பூட்டைத் திறந்து காட்டினார். கதிரை ஒன்றும் இல்லை. தரைப் பலகையும் இல்லை, மரத்தைப் பூச்சி தின்றுவிட்டது என்று எப்போதோ கழற்றிவிட்டார்களாம். குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருந்தன, அதற்குக் கீழே மெல்லிய சீலிங். கால் வைத்தால் உன்னுடைய மிக்ஸருக்கு மேலேதான் போய் விழுவாய் என்றார். நான் கீழே வந்து, நீளத் தடி ஒன்றால் மைக்கைப் பல்கனியின் கைப்பிடியில் கொளுவினேன்.

லொறேனுக்குக் கதை பிடிக்கும். நான் வயர் இழுக்க அவர் பேசிக்கொண்டிருந்தார். சினிமா வரமுதல் இந்த மேடையில் எல்லாம் கலந்துதான் நடக்குமாம், பாட்டுக்காரி, பந்து எறிந்து பிடிக்கிறவன், ஒற்றைச் சில்லுச் சைக்கிளில் ஓடுகிறவன், நாய் வைத்து வித்தை காட்டுகிறவன், ஆளுக்குப் பத்து நிமிடம், கப்பலில் ஊர் ஊராக வருவார்களாம். பல்கனியில் மலிவு இடம், வேலைக்காரச் சனம். அவர்கள் கைதட்டுவது குறைவு, சப்பாத்துக் காலால் பலகையில் மிதிப்பார்களாம். பிடிக்காவிட்டால் எல்லாரும் சேர்ந்து ஒரே தாளத்தில் மிதிப்பார்கள், ஆள் இறங்கிப் போகும்வரை விடமாட்டார்கள். பிடித்துவிட்டால் தாளம் கெட்டுவிடும், ஆளுக்கொரு பக்கமாக மிதிப்பார்கள். மேடையில் நிற்கிறவனுக்கு ஒரு விநாடியில் தெரிந்துவிடுமாம். சத்தமே வராவிட்டால் என்று கேட்டேன். அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள் என்று அர்த்தம், அதுதான் எல்லாவற்றிலும் கேவலம் என்றார். எங்கள் சனத்தை நினைத்துச் சிரித்தேன்.

விழா இரண்டு மணிக்குத் தொடங்கியது. மூன்று மணிக்குச் சங்கத் தலைவர் பேசினார். அவர் பேச்சு எப்போதும் நீளம். ஆறாவது நிமிடம் இருக்கும், என் தலைக்கு மேலே தம், தம், தம் என்று ஒரு சத்தம். முதலில் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மிக்ஸரைப் பார்த்தால் அதன்மேல் தூசி விழுகிறது. தம், தம், தம், அளந்து வைத்தது மாதிரி. தலைவர் நிமிர்ந்து பார்த்தார், தடுமாறினார், நன்றி வணக்கம் என்று இறங்கிவிட்டார். சத்தமும் நின்றது.

எனக்குப் பேய் நினைவே வரவில்லை, குகன் நினைவுதான் வந்தது. அன்று அவனுக்கு வேலை இல்லை, மூன்றாவது வரிசையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே எங்கேயோ ஒரு புளூடூத் ஸ்பீக்கரை ஒளித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்த நடனம் போகும்போது ஓடிப்போய்ப் படியைப் பார்த்தேன். சங்கிலியும் பூட்டும் அப்படியே இருந்தன. திரும்பி வந்து குகனைப் பார்த்தேன், அவன் பேப்பர் துவாயில் கை துடைத்துக்கொண்டிருந்தான். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மூன்றரைக்குச் சுமதி மேடைக்கு வந்தாள். கீழே எண்ணி முப்பது பேர். நான் லப்டொப்பை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன், அவள் பார்க்கட்டும் என்று.

அவள் எழுதியது இதுதான். ஒரு மனிசனுக்குச் சுகமில்லை, மனைவி டொக்டரிடம் கூட்டிப் போகிறாள். மனிசனுக்கு இங்கிலிஷ் வராது, மனைவிதான் மொழிபெயர்ப்பு. டொக்டர் எங்கே நோகிறது என்று கேட்கிறார். மனிசன் ஐந்து நிமிடம் தன் வயிறு, முதுகு, தலைச்சுற்று எல்லாம் சொல்கிறான். மனைவி டொக்டர் பக்கம் திரும்பி, "ஹீ இஸ் ஓகே" என்கிறாள். இப்படியே போகும். மூன்று பேரையும் சுமதி ஒருத்தியே செய்வாள், கதிரை மாறாமல், தோளை மட்டும் மாற்றி. அந்தப் புருஷன் நான்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் சுகர் மாத்திரையைக்கூட விடவில்லை.

கீழே இருந்த முப்பது பேரும் "ஹீ இஸ் ஓகே"க்குச் சிரித்தார்கள். அது அடங்கிய பிறகு மேலேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதை நான் ஆறேழு தரம் யோசித்துவிட்டேன். கீழே உள்ளவர்கள் வசனத்துக்குச் சிரித்தார்கள். மேலே சிரித்தது வசனத்துக்கு இல்லை. மனிசன் வாய் திறக்கப் போய், மனைவியைப் பார்த்துவிட்டு மூடுகிற இடத்தில் ஒரு சிரிப்பு. டொக்டரின் முதுகு நிமிர்ந்து, அடுத்த கணம் மனிசனின் தோள் விழுகிற இடத்தில் ஒரு சிரிப்பு. எங்கள் ஆக்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்த இடங்கள் எல்லாம். தமிழ் விளங்காத ஒரு கூட்டம் ஒரு நடிகையை எப்படிப் பார்க்குமோ அப்படி. குகன் ஒலி போட்டிருந்தால் வசனம் முடியத்தான் போட்டிருப்பான், அவனுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

கடைசியில் டொக்டருக்குப் பொறுமை போய், மனிசனையே பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார். மனிசன் மெல்ல மனைவி பக்கம் திரும்பி, "நான் என்ன சொல்லுறன், சுமதி?" என்று கேட்கவேண்டும். அவள் திரும்பத்தான் தொடங்கினாள், வாய் இன்னும் திறக்கவில்லை, மேலே வெடித்தது. மிதி என்றால் மிதி. தாளம் இல்லை, ஒழுங்கில்லை, ஆளுக்கொரு பக்கம், விசில், கை, கால், சீலிங்கிலிருந்து தூசி கொட்டி மிக்ஸர் வெள்ளையாகிவிட்டது. என் கை இரண்டும் லப்டொப்பின் மேலே. பயம் என்று சொல்லமாட்டேன், அந்த நேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது, கடவுளாணை, அவளுக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் சுமதி என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை என்னால் மறக்கமுடியாது. கும்பிடாமல் இறங்கிப் போனாள்.

சாமான் ஏற்றும்போது தலைவர் வந்தார். "நேசன், என்ர பேச்சுக்கு ஏன் அந்தச் சத்தம் போட்டனீர்? உம்மட மனிசிக்கு மட்டும் நல்லது போடத் தெரியுது, என்ன?" என்றார். இன்னொருவர், இந்த முறை கைதட்டுச் சத்தம் அசல் மாதிரியே இருந்தது, புது ஸ்பீக்கரா என்று கேட்டார். விளங்குகிறதா உங்களுக்கு? மண்டபத்தில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். ஒருவருக்கும் அது அதிசயமாக இருக்கவில்லை, சவுண்ட்காரன் நான் இருக்கிறேனே. குகன்கூட வந்து, அந்த ஒலியை எங்கே எடுத்தாய், எனக்கும் அனுப்பு என்றான். அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன், நடிக்கவில்லை.

லொறேனிடம் போனேன். மேலே சத்தம் கேட்டதா என்றேன். அவர் திருப்பி, தாளத்தில் வந்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை, கடைசியில் தாளமே இல்லை என்றேன். அப்போ நல்லது என்று சொல்லிவிட்டுக் கழிவறை பூட்டப் போய்விட்டார்.

வண்டி மோட்டர்வே ஏறியதும் சுமதி கேட்டாள்.

"இருமல் இல்லாத கைதட்டு எங்க எடுத்தனீங்கள்?"

"சுமதி, நான் போடேல்லை. உம்மட கண்ணுக்கு முன்னால லப்டொப்பை மூடி வைச்சிருந்தனான். மேல பல்கனியில இருந்து வந்தது. நூறு பேர் நிண்டு மிதிச்சமாதிரி. அது பூட்டிக் கிடக்குது..."

"காணும், நிப்பாட்டுங்கோ."

"நீர் நம்பும், நான்..."

"காணும் எண்டு சொன்னன். பொய்க்கும் ஒரு அளவு வேணும்."

மேலே கதிரையும் இல்லை, தரையும் இல்லை என்று நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பிறகும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பெரிய பொய்யாகத்தான் கேட்டிருக்கும்.

இப்படியான கதைகளில் ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது, அல்லவா? எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. பல்கனி மைக்கில் எல்லாம் பதிவாகியிருந்தது, சிரிப்பு, மிதி, விசில், ஒன்றுவிடாமல், தெளிவாக. அதுதான் என் தலைவிதி. அதை யாரிடம் போட்டுக் காட்டினாலும், நல்லா செய்திருக்கிறாய் என்பார்கள். கள்ளக் கைதட்டல் போட்டுப் பிழைத்தவனிடம் உண்மையான கைதட்டல் இருந்தால் அதை எதை வைத்து நிரூபிப்பது? சுமதி கேட்கவே மாட்டேன் என்றுவிட்டாள். ஆறு மாதம் நான் மழை வருகிறது என்றால்கூட யன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உடுப்பு எடுப்பாள். சிரிக்கிறீர்கள், எனக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

இந்த வருஷமும் அதே தியேட்டர், பல்கனியும் அதே பூட்டோடுதான். சுமதி ஒரு நிபந்தனை போட்டாள். "சவுண்டுக்குக் குகனைப் போடுங்கோ. நீங்கள் முன்வரிசையில, நான் பார்க்கக்கூடிய இடத்தில, கையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கவேணும். குகனுக்கும் நான் சொல்லிப்போட்டன், ஒரு சத்தமும் போடக்கூடாது." அதே தனிநடிப்பைத்தான் திரும்பச் செய்தாள், நடுவில் புதிதாக ஒரு துண்டு சேர்த்திருந்தாள், டொக்டர் மருந்துச் சீட்டு எழுத மனிசன் பயந்துபோய் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருப்பான், பேச்சே இல்லை.

விழாக்குழுவுக்கும் இந்த முறை புத்தி வந்திருந்தது, ரோல்ஸ் எல்லாம் முடிவில்தான் என்று அறிவித்துவிட்டார்கள். மண்டபம் நிரம்ப இருந்தது. சனம் நன்றாகச் சிரித்தது. பேனைத் துண்டுக்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வசனத்துக்கு எல்லாரும் கைதட்டினார்கள், உண்மைக் கைதட்டல், என் காதுக்குத் தெரியும்.

நான் அவ்வளவு நேரமும் மேலே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் இல்லை. ஒரு சட்டம்கூடக் கிரீச்சிடவில்லை. எனக்கு அழுகை வருமாப்போல இருந்தது. மேலே ஒரு மிதி மிதித்திருந்தால், நான் கையை மடியில் வைத்திருக்க அது கேட்டிருந்தால், என் மனைவி என்னை நம்பியிருப்பாள். லொறேன் சொன்னது நினைவுக்கு வந்தது, சத்தம் இல்லையென்றால் போய்விட்டார்கள்.

சுமதி சனத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு முகத்தை மெல்ல நிமிர்த்தி, எங்கள் எல்லாருடைய தலைக்கும் மேலே பார்த்து, இன்னொரு தரம் கும்பிட்டாள். இந்த முறை ஆறுதலாக, அவசரமில்லாமல்.

காரில் அவள் நல்ல சந்தோசத்தில் இருந்தாள்.

"இப்ப விளங்குதே, உண்மையான கைதட்டு எப்பிடி இருக்கும் எண்டு?"

"ஓம். ரெண்டாம் தரம் ஆருக்குக் கும்பிட்டனீர்?"

"மேல இருந்தவருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்கள் போன வருஷம் கதை விட்டனீங்கள்தானே, மேல நூறு பேர் நிண்டு மிதிச்சவை எண்டு? நூறு பேர் எங்க? அங்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தவர்."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"எதில இருந்தவர்?"

"இதென்ன கேள்வி, கதிரையிலதான். முன்வரிசையில, நடுவில. பல்கனியைத் திறந்து விட்டிருக்கினம் எண்டு நினைச்சன்."

"கைதட்டினவரோ?"

"இல்லை. சிரிக்கவும் இல்லை. தொடங்கினதில இருந்து கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தவர்." பிறகு சொன்னாள். "ஆனா எழும்பிப் போகேல்லை. எங்கட ஆக்கள் ஆரும் அப்பிடி ஒருக்காலும் இருந்ததில்லை. எனக்கு அது காணும்."

அவள் அதை அவ்வளவு நிறைவாகச் சொன்னாள், நான் மேலே தரை இல்லாததைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.

நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் அதையே செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வேலையால் வந்து எங்கள் வீட்டு ஹோலில் பழகுகிறாள், நான் முன்னால் ஒரு கதிரையில் இருப்பேன். அவள் இடையிடையே நிறுத்துவாள், சனம் சிரித்து முடியட்டும் என்று நடிக்கிறவர்கள் விடுகிற இடைவெளி. ஒரு நாள் என்னுடைய பழைய ஒலிப்பதிவை எடுத்து, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் நிறுத்துகிற இடங்கள் பல்கனி சிரித்த இடங்கள், சிரிப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். அன்று மேடையில் கேட்டது மனதில் பதிந்திருக்கும் என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பேனைத் துண்டு பதிவில் இல்லை, அதற்கு மண்டபத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை. அங்கேதான் அவள் எல்லாவற்றையும்விட நீளமாக நிறுத்துகிறாள். எனக்கு மேலே, சுவரும் சீலிங்கும் சேர்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு, யாரோ சிரித்து முடிக்கட்டும் என்று பொறுத்து நிற்கிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை எழும்பாமல் இருக்கிறேன், முடிந்ததும் கைதட்டலாமா கூடாதா என்றுதான் இன்னும் தெரியவில்லை.